[கலைச்சொல்] கூட வருபவர் முகம் சுளித்தால்? வெள்ளிக்குள் இரண்டு சொல் தேவை

ஆட்டக்காரி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பால்டர்ஸ் கேட் 3 (லேரியன், 2023) என்னும் கணினி ஆட்டத்துக்கு நாங்கள் செய்துவரும் தன்னார்வத் தமிழாக்கம் வெள்ளி இரவு சோதனைக்குப் போகிறது. மந்திரங்கள், ஆயுதங்கள், திறன்கள் முடிந்துவிட்டன. இழுத்துக்கொண்டிருப்பவை இரண்டு வரிகள்தான். நாம் எதையாவது செய்ததும், கதையில் நம்மோடு கூட வரும் பாத்திரங்களுக்கு அது ஏற்புடையதா இல்லையா என்று பெயரோடு திரையில் வந்து மறையுமே, அந்த வரிகள்.

இப்போதைக்கு 'ஒப்புதல் அளிக்கிறார்' என்று வைத்திருக்கிறோம். பொய் சொல்லித் தப்பித்ததற்கு, கூட வருபவர்களில் ஒருவரான ஆஸ்டேரியன் ஒப்புதல் அளிக்கிறார் என்றால், கோப்பில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

சொல் தேடுமுன் இதைக் கவனியுங்கள். பெயரை நிரல்தான் கொண்டுவந்து செருகும். எனவே வேற்றுமை உருபு ஒட்ட முடியாது. கேல் 'கேலுக்கு' ஆவார், ஷேடோஹார்ட்டுக்கு ட் இரட்டிக்கும், ஜஹீராவுக்கு வகர உடம்படுமெய் வேண்டும். நிரலுக்குப் புணர்ச்சி தெரியாது. 'கேல்உக்கு' என்று வந்து நிற்கும். வினைமுற்றும் ஆகாது: லேசெல் சுட்டெரிக்கிறாளா, சுட்டெரிக்கிறாரா என்று தனிச் சண்டை தொடங்கும். ஆகவே பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெயர்ச்சொல். அவ்வளவுதான் இடம்.

---

வழிப்போக்கன் எழுதியது:

> பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெயர்ச்சொல்

பேச்சுவழக்கில் உள்ளதை எடுங்கள். பிடித்தது, பிடிக்கவில்லை. பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'பிடித்தம்'. படிப்பவர் அகராதியைத் திறக்க வேண்டியதில்லை.

---

பழுப்பேடு எழுதியது:

தம்பி, 'கேல்: பிடித்தம்' என்று பார்த்தால் அவர் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறோம்? உவப்பு. அதற்கு எதிராக உவர்ப்பு. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் எட்டாவது உவகை. உவத்தல் என்றால் மகிழ்தல் மட்டுமன்று, விரும்புதலும் ஆகும். உவர்த்தல் என்றால் உப்புக் கரித்தல். வெறுத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. உவர்மண், உவர்நீர் எல்லாம் அந்தக் குடும்பம். உப்பு என்பதே உவர்ப்பு தேய்ந்து வந்தது என்பது என் கருத்து. நாவில் பட்டதும் முகம் கோணுகிறதே, அந்த மெய்ப்பாடுதான் மனத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. ஒலியில் ஒட்டிய இரண்டு சொல், எதிரெதிர்ப் பொருள். வேறெந்த மொழியில் கிடைக்கும்?

உப்பு என்றதும் இன்னொன்று. 'உப்பமைந் தற்றால் புலவி' என்கிறார் வள்ளுவர். அங்கே உப்பு வெறுப்பன்று, அளவு. இதை விரித்தால்

---

ஆட்டக்காரி எழுதியது:

ஐயா, இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். உவப்புக்கும் உவர்ப்புக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு 'ர்'. எழுத்து சிறியது, வரி சில விநாடிகளில் மறைந்துவிடும், பின்னணியில் தீ எரிந்துகொண்டிருக்கும். நேர் எதிரான இரண்டு செய்திகள் ஒரு புள்ளி வைத்த எழுத்தால் மட்டும் வேறுபட்டால், ஆடுபவர் தப்பாகவே படிப்பார். சொல் அழகுதான். இந்த இடத்துக்கு ஆகாது.

---

வடலி எழுதியது:

எங்கட பக்கம் 'மெச்சுறது' இன்னும் புழக்கத்தில இருக்கு. 'ஊர் மெச்ச' எண்டு எல்லாரும்தானே சொல்லுறீங்கள். எதிர்ச்சொல்லுக்கு முகம் சுளிக்கிறது. மெச்சல், சுளிப்பு. முதலெழுத்தே வேற, நீளமும் இல்லை.

'மெச்சல்' சரியா அமையிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்த ஆட்டத்தில நல்லது செய்தால் எல்லாருக்கும் பிடிக்கும் எண்டில்லை. எளியவனுக்கு இரங்கினால் தொடக்கத்தில ஆஸ்டேரியன் எரிச்சல்படுவான். அதே செயலுக்கு வில்லும் கார்லாக்கும் மகிழ்வினம். ஒப்புதல், ஏற்பு எண்டால் ஏதோ சரி பிழை தீர்க்கிற மாதிரி இருக்கு. மெச்சுறது அவரவர் குணத்தைப் பொறுத்தது.

---

சொல்லேருழவன் எழுதியது:

மெச்சல், சுளிப்பு இரண்டையும் வழிமொழிகிறேன். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த நொடியில் வருவது ஒன்று, அவை சேர்ந்து சேர்ந்து உள்ளே ஏறும் கணக்கு இன்னொன்று. அதற்கும் மெச்சல் என்றே போட்டால் மழையையும் குளத்தையும் ஒரே பேரால் அழைத்ததாகும்.

இது வெறும் எண்ணும் அன்று. ஷேடோஹார்ட், தன் தெய்வமான ஷாருக்காகக் கொல்ல வேண்டிய கைதி இரவுப்பாடகியின் முன் ஈட்டியோடு நிற்கும் காட்சியை எடுங்கள். போதிய நெருக்கம் வளர்ந்திருந்தால், நீங்கள் தடுத்துப் பேச வேண்டியதில்லை. முடிவை அவளிடமே விட்டுவிடலாம். ஷாரின் பேரால் ஏந்திய ஈட்டியை அவளே வீசியெறிவாள். சேர்ந்த கணக்கு அங்கே ஆடுபவருக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக வரவில்லை; அவளுக்குக் கிடைத்த துணிவாக வருகிறது. அதற்கு என் சொல் 'கேண்மை'.

---

வழிப்போக்கன் எழுதியது:

கேண்மை பத்தாம் வகுப்புச் செய்யுளோடு பலருக்கு விடைபெற்றுவிட்டது. நீங்களே இரண்டு வரிக்கு முன் 'நெருக்கம்' என்றுதானே எழுதினீர்கள்? அதையே போடுங்கள்.

ஒரு கேள்வி. இந்தச் சொற்பட்டியல் மற்ற ஆட்டங்களுக்கும் பொருந்த வேண்டுமா? டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) கணக்கு −100 முதல் 100 வரை ஓடும். பரிசுகளைக் கொடுத்தே ஏற்றிவிடலாம். காலையில் ஊரைக் கொளுத்திவிட்டு மாலையில் நகை கொடுத்தால் சரியாகிவிடும். அதை நெருக்கம் என்பதற்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் (2011) அதை உருவாக்கிய பயோவேர் இதை மாற்றியது. கோட்டின் ஒரு முனை நட்பு, மறுமுனை எதிர்நிலை. எதிர்முனைக்கு முழுதாகப் போனாலும் உறவு உறுதிப்படும், காதலும் கைகூடும். நடுவில் நிற்பவருக்குத்தான் நட்டம். அதில் கூட வரும் இசபெலா இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஓடிப்போய்த் திரும்பி வர வேண்டுமென்றால், அவளுக்கான தனிப்பணியை முடித்திருப்பதோடு ஏதாவது ஒரு பக்கம் பாதித் தூரமாவது போயிருக்க வேண்டும். அந்த எதிர்முனைக்கு என்ன பெயர்? பகை என்றால் பிழை.

---

பழுப்பேடு எழுதியது:

இகல்.

---

சொல்லேருழவன் எழுதியது:

இகலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர் அதை 'பாரிக்கும் நோய்' என்கிறார். நோய் முற்றினால் காதல் கைகூடும் என்று எழுதுவீர்களா?

---

பழுப்பேடு எழுதியது:

அப்படியானால் அகத்துக்குப் போவோம். நேற்று நான் தொடங்கி நிறுத்தப்பட்ட இடமும் அதுதான். காதலர் பிணக்கில் புலவி இளையது, துனி முதிர்ந்தது. இரண்டும் இல்லாவிட்டால் காமம் கனியும் கருக்காயும் போல என்று 1306ஆம் குறள். மாறுபட்டு நின்றே நெருங்குவதற்கு நம்மிடம் படிப்படியாகச் சொல் இருக்கிறது. எதிர்முனை ஊடல். அதன் படிகள் புலவி, துனி. உங்கள் ஆட்டத்தில் லேசெல் காதலுக்கு முன் வாளெடுத்து ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்குக் கூப்பிடுவாளாமே, அது புலவி நுணுக்கம் இல்லாமல் வேறென்ன?

---

வடலி எழுதியது:

ஐயா, ஊடல் காதலருக்குள்ள மட்டும்தானே. டிராகன் ஏஜ் இரண்டாம் பாகத்தில, மந்திரவாதிகளைக் கண்டாலே ஆகாத ஃபென்ரிஸ், நாங்கள் ஆடுற ஹாக் மந்திரவாதியா இருந்தால் அவரோட முரண்டுபிடிக்கிறதும் ஊடலோ? அவையள் காதலிக்காட்டியும் அந்தக் கோடு ஏறும். லேசெல் கூப்பிடுறதும் ஊடலில்லை, உண்மையான வாள்.

---

வழிப்போக்கன் எழுதியது:

முரண்டு! முரண் என்றே வைத்தால் என்ன? நட்பு, முரண். முரண்தொடை தெரிந்தவர்களுக்கும் உறுத்தாது.

---

சொல்லேருழவன் எழுதியது:

முரண் என்பது பண்பு, உறவன்று. இரண்டு கருத்து முரண்படலாம்; இரண்டு ஆள் 'முரணில்' இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. 'முரணுறவு' என்றால் ஏற்கலாம். ஆனால் அது ஆய்வேட்டுத் தலைப்பு போல இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ஆட்டக்காரி எழுதியது:

வியாழன் இரவு பதினொன்று. கோப்பில் ஏற்றியவை:

அறிவிப்பு வரிகள்: 'ஷேடோஹார்ட்: மெச்சல்', 'லேசெல்: சுளிப்பு'. நால்வர் ஆதரவு, பழுப்பேடு ஐயா எதிர்ப்பு.

சேர்ந்த கணக்கு: 'நெருக்கம்'. கேண்மைக்கு இரண்டு வாக்கு, நெருக்கத்துக்கு மூன்று. ஒன்று என்னுடையது, பட்டையின் அகலம் பார்த்துப் போட்டது.

டிராகன் ஏஜ் எதிர்முனை: எங்கள் கோப்பில் அது இல்லை. பொதுப் பட்டியலில் 'முரணுறவு' என்று கேள்விக்குறியோடு குறித்திருக்கிறேன். அந்த ஆட்டத்தைத் தமிழாக்குபவர் இந்த இழையை மறுபடி திறக்கட்டும்.

---

பழுப்பேடு எழுதியது:

எதிர்ப்பைப் பதிவு செய்தமைக்கு நன்றி. சுளிப்பு முகத்தின் தொழில். உவர்ப்பு மனத்தின் தொழில். உருவமற்ற மாந்தர் யாராவது உங்கள் கூட்டத்தில் சேர்ந்தால் எதைச் சுளிப்பார் என்று எண்ணிப்பாருங்கள். உவர், உவா, உவரி ஆகியவற்றின் தொடர்பைத் தனி இழையாக நாளை தொடங்குகிறேன்.

---

வழிப்போக்கன் எழுதியது:

கூட வருபவர்களில் உருவமற்றவர் ஒருவரும் இல்லை ஐயா. முதன்மையான ஆறு பேரில் ஐந்து பேர் மூக்கும் புருவமுமாக நன்றாகவே சுளிப்பார்கள். ஆறாவது, உடம்பிலேயே தீ எரியும் கார்லாக். அவர் சுளித்தால் தீப்பிடிக்கும்.