கம்ப்யூட்டர் சயின்ஸும் பயோஇன்ஜினியரிங்கும் சேர்த்துப் படிக்க வந்திருப்பவர்களுக்கு

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து, கம்ப்யூட்டர் சயின்ஸும் பயோஇன்ஜினியரிங்கும் சேர்ந்த பட்டப்படிப்பில் இடம் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் இதே படிப்பை வெளிநாட்டில் முடித்து, இப்போது மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். வீடு தேடுவது, வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றியெல்லாம் நிறையப் பேர் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் படிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

வகுப்பு தொடங்கும் முன்பே பாடத்திட்டத்தைக் கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். இந்தப் படிப்பில் மூன்று சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. புரோகிராமிங் முடித்தால்தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதை முடித்தால்தான் அல்காரிதம்ஸ். கால்குலஸ் முடித்தால் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், அதற்கு அப்புறம் சிக்னல் பிராசஸிங், உடலியல் மாடலிங். வேதியியல் முடித்தால் உயிர்வேதியியல், செல் உயிரியல். கம்ப்யூட்டர் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு செமஸ்டரும் கிடைக்கும். பயோஇன்ஜினியரிங் சின்னத் துறை. அதன் பாடங்கள் பல இடங்களில் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அதை நம்பியிருக்கும் அடுத்த இரண்டும் சேர்ந்து தள்ளிப்போகும். உள்ளூர் மாணவருக்கு அது ஓர் எரிச்சலோடு போய்விடும். விசாவில் இருக்கிற நமக்கோ கூடுதல் கட்டணம், விசா நீட்டிப்பு, வீட்டில் இருப்பவர்களின் கவலை என்று வரிசையாக வரும். வரைந்த தாளை இரண்டு துறை ஆலோசகர்களிடமும் காட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் தன் துறைப் பாடம் எந்த செமஸ்டரில் வரும் என்பதுதான் உறுதியாகத் தெரியும்.

வேறு கல்லூரியில் சில பாடங்களை முடித்துவிட்டு வந்தவர்கள், மதிப்பெண் பட்டியலோடு விரிவான பாடத்திட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், ஆய்வகம் எத்தனை மணி நேரம் என்பது வரை இருந்தால் கிரெடிட் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெறும் பாடப்பெயரை வைத்து யாரும் கிரெடிட் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: உங்கள் பட்டம் பொறியியல் பட்டமாக அங்கீகாரம் பெற்றதா, கம்ப்யூட்டிங் பட்டமாகவா, அல்லது இரண்டும் இல்லையா? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989-இல் வாஷிங்டன் ஒப்பந்தம் வந்தது. கம்ப்யூட்டிங் பட்டங்களுக்கு 2008-இல் சியோல் ஒப்பந்தம். மென்பொருள் வேலைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பிற்பாடு இன்னொரு நாட்டுக்குப் போய் உரிமம் பெற்ற பொறியாளராக வேலை பார்க்க நினைப்பவருக்கு இது முக்கியம். சேர்ப்புப் பட்டங்களில் இந்த விவரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் நல்ல கோடிங் கைகள். உயிரியலை மனப்பாடப் பாடம் என்று ஓரமாக வைத்துவிட்டு, 'டேட்டாவைக் கொடுங்கள், மாடல் போட்டுத் தருகிறேன்' என்ற மனநிலையில் இருப்பார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். டேட்டா எந்தக் கருவியில், யார் கையில், எந்த உடலிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்தான் இந்தத் துறையில் நல்ல வேலை செய்கிறார். சேர்ப்புப் பட்டத்துக்கு மதிப்பே அதனால்தான் வருகிறது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்திலிருந்து ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கிறது. தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி 'சரியாக இருக்கிறது' என்று காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அந்த எண்களை எடுத்து மெஷின் லேர்னிங் மாடல் கட்டுகிறவருக்கு இந்த ஒளி விஷயம் தெரியாவிட்டால், அவருடைய மாடலும் அதே பிழையைக் கற்றுக்கொள்ளும். கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. நம் போன்ற நிறமுள்ளவர்கள் இந்தத் துறைக்குள் வந்து இதைக் கேட்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இன்னொரு உதாரணம் எக்செல். செப்ட்2, மார்ச்1 என்று பெயர் கொண்ட மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்செல் கோப்பாக மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. பைத்தானில் நாலு வரி எழுதி ஒரு கோப்பைச் சரிபார்ப்பது சின்ன வேலைதான். அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு செமஸ்டராவது வெட் லேபில், அதாவது செல், ரசாயனம் எல்லாம் கையால் கையாளும் ஆய்வகத்தில் நில்லுங்கள். பைப்பெட் பிடியுங்கள். ஒரே மாதிரியை இருவர் அளந்தால் எண் ஏன் மாறுகிறது, செவ்வாய்க்கிழமை ஓட்டிய தொகுப்புக்கும் வெள்ளிக்கிழமை ஓட்டியதற்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் புள்ளியியல் வகுப்பில் இந்தத் தொகுப்பு வித்தியாசத்தை 'பேட்ச் எஃபெக்ட்' என்று சொல்லும்போது அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆளாக இருக்கும். ஈசிஜி பதிவில் வருகிற மின்கம்பி இரைச்சலும் இப்படித்தான்: சில நாடுகளில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. ஒரு நாட்டுப் பதிவுக்கு எழுதிய ஃபில்டரை அப்படியே இன்னொரு நாட்டுப் பதிவில் ஓட்டினால் இரைச்சல் போகாது.

'உயிரியல் எனக்குப் பிடிக்காது, கணக்கும் கோடும்தான் பிடிக்கும்' என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அவருக்குச் சொல்கிறேன்: உங்களுக்குப் பிடித்த அதே கணக்குதான் உள்ளே இருக்கிறது. அல்காரிதம்ஸ் வகுப்பில் டைனமிக் புரோகிராமிங் நடத்துவார்கள்: பெரிய கணக்கைச் சின்னக் கணக்குகளாக உடைத்து, அவற்றின் விடைகளைச் சேமித்துவைத்துப் பயன்படுத்தும் முறை. 1970-இல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் இரண்டு புரத வரிசைகளை ஒப்பிடப் பயன்படுத்தியது அதைத்தான். கோப்புகளைச் சுருக்குவதற்காக 1994-இல் வெளியான பர்ரோஸ்–வீலர் உருமாற்றம், பின்னாளில் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத்தொகுதியில் ஒரு சின்னத் துண்டு எங்கே பொருந்துகிறது என்று வேகமாகத் தேடும் கருவிகளுக்கு அடித்தளமானது. நரம்பு செல் எப்படி மின்துடிப்பை அனுப்புகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952-இல் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். 2000-இல் பாக்டீரியாவுக்குள் மரபணுக்களால் ஒரு சுவிட்சும், மாறி மாறி ஏறி இறங்கும் ஓர் அலையியற்றியும் (ஆசிலேட்டர்) கட்டிக் காட்டினார்கள். 2016-இல் வந்த செல்லோ என்ற மென்பொருள், சிப் வடிவமைக்கப் பயன்படும் வெரிலாக் மொழியில் நீங்கள் எழுதுவதை டிஎன்ஏ வரிசையாக மாற்றித் தருகிறது. இதையெல்லாம் பார்த்தபிறகும் பிடிக்கவில்லை என்றால் தனி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே மாறுங்கள்.

புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ மாடல் வந்து, அதை உருவாக்கியவர்கள் 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கும் வாங்கிய பிறகு இனி நமக்கு என்ன மிச்சம் என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. அந்த மாடல் எதிலிருந்து கற்றது? 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. உலகெங்கும் ஆய்வகக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொன்றாகச் சேர்த்த வடிவங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அதில் இருந்தன. அப்படி ஒழுங்காகச் சேர்த்த டேட்டா இல்லாத கேள்விகள் உயிரியலில் இன்னும் ஏராளம். அந்த டேட்டாவை எப்படி உருவாக்குவது என்று யோசிக்கும் ஆட்கள் குறைவு. அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

கருவி மென்பொருள் பக்கம் வர நினைப்பவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தை விட்டுவிடாதீர்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுத்தது, சிலர் இறந்துபோனார்கள். காரணங்களில் ஒன்று, இயக்குபவர் திரையில் வேகமாகத் திருத்தம் செய்தால் மட்டுமே தலைகாட்டிய ரேஸ் கண்டிஷன், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும் பிழை. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் படிப்பது இதைத்தான். பழைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். என் வேலையில் கோடு எழுதும் நேரத்தைவிட, அது எப்படியெல்லாம் தவறாகப் போகலாம் என்று எழுதிவைக்கும் நேரம் அதிகம். மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 என்ற தரநிலையை மாணவராக இருக்கும்போதே ஒருமுறை மேலோட்டமாகவாவது தெரிந்துகொண்டால் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

ஆய்வகத்தில் இடம் கேட்பது எப்படி என்று பலருக்குத் தயக்கம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் ஏழெட்டு வரிக்குள் இருக்கட்டும். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது உங்களுக்கு ஆர்வமாக இருந்தது, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், வாரம் எத்தனை மணி நேரம் தர முடியும், அவ்வளவுதான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நீட்டி முழக்க வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆய்வகத்தின் பிஎச்டி மாணவரிடம் பேசுவது இன்னும் நல்லது, ஏனென்றால் உங்களுக்குத் தினமும் வேலை சொல்லித்தரப் போவது அவர்தான். சேரும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். விசாவில் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, சில நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் விதி உண்டு. மனித ரத்தம், திசு கையாளும் ஆய்வகம் என்றால் பாதுகாப்புப் பயிற்சியோடு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள். தடுப்பூசிப் பதிவை எடுத்துத் தயாராக வையுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள், அக்கறையோடு சொல்கிறேன். ஒன்று, அசைன்மென்ட் கோடு. நண்பருக்கு உதவுகிறோம் என்று கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். மாஸ் என்ற ஒப்பீட்டு மென்பொருள் 1994-லிருந்து இருக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றினாலும் அமைப்பை வைத்துப் பிடித்துவிடும். கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. இடைநீக்கம் வரை போனால் விசாவும் சேர்ந்து ஆபத்தில் விழும். ஒன்றாக உட்கார்ந்து யோசனையைப் பேசலாமா, எதுவரை பேசலாம் என்று ஒவ்வொரு பாடத்திலும் தனியாக எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். இரண்டு, நோயாளிகளின் டேட்டா. மிமிக் போன்ற மருத்துவமனைத் தரவுத்தொகுப்புகளைத் தொடுவதற்கே பயிற்சி முடித்து, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பெயர் நீக்கப்பட்ட டேட்டாதானே என்று நண்பரோடு பகிர்வதும், ஏஐ சாட்பாட்டில் ஒட்டிக் கேட்பதும் கூடாது.

பழகிப் பார்க்க அனுமதி தேவையில்லாத டேட்டாவும் இருக்கிறது. எம்ஐடி-பிஐஎச் இதயத்துடிப்புத் தொகுப்பில் அரைமணி நேர ஈசிஜி பதிவுகள் 48, நொடிக்கு 360 மாதிரிகள் வீதம் ஃபிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதயத்துடிப்பின் உச்சியைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை நீங்களே எழுதி, அதில் மருத்துவர்கள் குறித்துவைத்த இடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பதிவில் உங்கள் நிரல் தடுமாறுகிறதோ அங்கே நின்று ஏன் என்று தேடுங்கள். மரபணுப் பக்கம் போகிறவர்களுக்கு, நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குகள் உள்ள ரோசலிண்ட் தளம் இருக்கிறது. ஒரு டிஎன்ஏ வரிசையில் நான்கு எழுத்துகளும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுவதிலிருந்து அது ஆரம்பிக்கிறது, உயிரியல் தெரியாதவரும் இன்றைக்கே தொடங்கலாம். எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாலும் இங்கே கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுகிறேன்.