மறு: ‘டிஷ்யூ ஃப்ளூயிட்’ தமிழில் எப்படி?

குழுவினர்க்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அக்குள் கணுக்களை (லிம்ஃப் நோட்) எடுத்த பின் சிலருக்குக் கை ஏன் வீங்குகிறது என்று ஒரு பக்கம். லிம்ஃபுக்கு ‘நிணநீர்’ இருக்கிறது. டிஷ்யூ ஃப்ளூயிடுக்கு ‘திசுத் திரவம்’ என்று எழுதி, வியாசர்பாடி அம்மா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். நிணநீரில் விரலை வைத்து, “இது நிணமா, பிணமா கண்ணு?” என்று கேட்டார். அவர் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

– பெரம்பூர்

*

அம்மா,

திரவம் வடசொல், திசு ஆங்கில ஒலி. ஈழத்தார் ‘இழையம்’ என்று அழகாகச் சொல்கிறார்கள். என் பரிந்துரை ‘ஊறுநீர்’. தந்துகி என்னும் நுண்ணிய ரத்தக் குழாயின் சுவர் வழியே ஊறி வருவதால் வினைத்தொகை, ஊறுகாய் போல. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. ஒவ்வொரு செல்லையும் தொட்டு நிற்கும் நீருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

– மயிலாப்பூர்

*

ஐயா, மன்னிக்க வேண்டும். ஊறுநீர் என்றால் என் செவிலிய மாணவிகளுக்கு எச்சில்தான் நினைவுக்கு வரும். ‘ஊறு விளைவிக்கும்’ என்று படித்தவர்களுக்கு அது தீங்கு.

வகுப்பில் நான் முதலில் சொல்வது, டிஷ்யூ ஃப்ளூயிடும் லிம்ஃபும் ஒரே நீர் என்பதைத்தான். தந்துகியிலிருந்து கசிந்து செல்களுக்கு நடுவே நிற்கும்வரை அது டிஷ்யூ ஃப்ளூயிட். ரத்தத்துக்குத் திரும்பாத மிச்சம், புரதத்தோடு நிணநீர்க் குழலுக்குள் நுழைந்ததும் லிம்ஃப் என்று பெயர் மாறுகிறது. நாளுக்கு 2 முதல் 3 லிட்டர், கழுத்தடிச் சிரைகளில் போய்ச் சேர்கிறது. தள்ளிவிட இதயம் போல ஒன்று இல்லை. குழலின் சுருக்கம், வால்வு, தசையசைவு, மூச்சு, இவைதான். வழி அடைபட்டால் நீர் கையிலேயே தங்குகிறது. உறவு தெரிய இரண்டும் ‘நீர்’ என்றே முடியட்டும்: திசுநீர், நிணநீர்.

நிணத்தையும் விட வேண்டாம். நிணம் என்றால் கொழுப்பு. 1622இல் கஸ்பாரே அசெல்லி, தீனி தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலருகே பால்வெள்ளைக் குழல்களைக் கண்டார். உணவுக் கொழுப்பைச் சுமக்கும் நிணநீர்க் குழல்கள் அவை. லத்தீனில் ‘லிம்ஃபா’ வெறும் தெளிநீர்தான். நம் சொல் அதைவிட ஆழமானது.

கணுவுக்கு மட்டும் ‘நெறி’ போடுங்கள். அக்குளில் ‘நெறி கட்டியிருக்கு’ என்றால் யாருக்குப் புரியாது?

– தாம்பரம்

*

நெறி என்றால் வழி. அறநெறி இருக்க, வீக்கத்துக்கு அதை இறக்குவதை ஏற்க மாட்டேன். திசுநீருக்கும் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இழையநீராவது ஆகட்டும்.

– மயிலாப்பூர்

*

ஐயா, பதிவு செய்துகொண்டேன். திசுநீருக்கு நால்வர், இழையநீருக்கு நீங்கள் ஒருவர். திசுநீர் என்றே அனுப்புகிறேன். கணுவுக்குப் பக்கத்தில் ‘நெறி கட்டும் இடம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். நிணநீருக்கு முதல் இடத்தில் ‘உடம்புக்குள் ஓடும் தெளிந்த நீர்’ என்று விளக்கம் கொடுத்து, நாளைக் காலை அந்த அம்மாவிடம் மறுபடி படிக்கத் தருகிறேன்.

– பெரம்பூர்