மரப்பலகை அச்சு: மூணாவது நிறம் கோட்டுக்கு வெளியே போகுது, நீலத்துல வெள்ளைப் புள்ளி

கேள்வி:
வணக்கம். ஜப்பான்ல சைதாமாவுல இருக்கேன், மோகுஹங்கா (ஜப்பானிய மரப்பலகை அச்சு) கத்துக்கிட்டு வர்றேன். பி4 அளவு கோசோ வாஷி (கோசோ மரப்பட்டை நார்ல செஞ்ச ஜப்பானியத் தாள்), செதுக்க ஷினா பிளைவுட், கோடுகளுக்கு ஒரு பலகை, நிறங்களுக்கு மூணு பலகை. கோடு அழகா விழுது, முதல் நிறமும் உள்ளே நிக்குது. மூணாவது நிறம் ஒரு மில்லிமீட்டர் விலகிடுது. வானத்து நீலம் வேற எள்ளு தூவின மாதிரி புள்ளி புள்ளியா விழுது. அச்சடிக்கறதுக்கு முன்னாடி தாள்ல தண்ணி தெளிச்சுக்கறேன். கென்டோவை (தாள் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உக்கார பலகையில வெட்டற அடையாளப் பள்ளம்) மறுபடி வெட்டணுமா?

பதில் 1:
இப்போதைக்கு உளியை எடுக்காதீங்க. எல்லாத் தாளும் ஒரே பக்கமா, ஒரே அளவு விலகுதா? அப்போ அந்தப் பலகையோட கென்டோ தப்பு. தாளுக்கொரு திசையில போகுதா? தாளை வைக்கிற கை சரியில்லை. கென்டோ மூலைக்கிட்ட சரியா இருந்து, எதிர் மூலையில மட்டும் விலகல் கூடுதுன்னா தாள் காய்ஞ்சு சுருங்குது. இதுல எது?

கேட்டவர்:
மூணாவது சொன்னதுதான் அண்ணா. வலது கீழ் மூலையில சரியா இருக்கு, இடது மேல்பக்கம் போகப் போக விலகுது.

பதில் 1:
அப்போ ஈரம்தான். தெளிச்சா தாள் முழுக்கச் சமமா ஊறாது. முந்தின நாள் சாயந்தரமே மை இல்லாத நியூஸ்பிரிண்டை அகலத் தூரிகையால நனைச்சு, அதுமேல ரெண்டு மூணு வாஷி, திரும்ப நனைச்ச தாள்னு அடுக்குங்க. பிளாஸ்டிக்ல சுத்தி, பலகையைப் பாரமா வச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில தொட்டா குளிர்ச்சியா இருக்கணும், தண்ணி மினுங்கக் கூடாது. ஒவ்வொரு தாளா எடுத்து அடிச்சு, உடனே அடுக்குக்குள்ள திருப்பி வைங்க. நீங்க இருக்கற கான்டோ பக்கம் குளிர்காலக் காத்து ரொம்ப வறட்சி, ஹீட்டர் பக்கத்துல உக்காந்து அடிக்கவே வேணாம். ஒரே நாள்ல முடியலைன்னா அடுக்கை அப்படியே ஃப்ரீசர்ல வைங்க, பூஞ்சை பிடிக்காது.

ஜப்பானிய அச்சுக் கலைஞர் யோஷிதா ஹிரோஷி 1930களின் தொடக்கத்துல மதுரைக் கோயிலை அச்சுல கொண்டு வந்தார். முடிஞ்சா அதைப் பாருங்க. ஒரே தாள்ல அத்தனை நிறம் ஏறியும் கோபுரக் கோடு கலங்கல. அச்சடிக்கிறவர் தாளோட ஈரத்தைக் கடைசி வரைக்கும் காப்பாத்தினாத்தான் அது நடக்கும்.

பதில் 2:
புள்ளிக்கு நான் சொல்றேன் தம்பி. அதை கோமாஸுரின்னு சொல்வாங்க, வேணும்னே அப்படி அடிக்கிறவங்களும் உண்டு. பலகை காய்ஞ்சிருந்தா நிறத்துல இருக்கற தண்ணியை அதுவே குடிச்சிடும். அதனால முதல்ல ஈரத்துணியால பலகையை நல்லா துடைங்க. முதல் சில தாள் எப்படியும் வெளிறித்தான் வரும், அதுக்குன்னு சாதாரணத் தாள் ஒதுக்கி வைங்க. நிறத்தோட நோரி (மாவுப் பசை) சேர்த்தாத்தான் வானம் மாதிரி பெரிய பரப்பு சமமா வரும். ஆனா கொஞ்சமா போதும், கூடினா தாள் பலகையில ஒட்டி இழுக்கும். தூரிகையை முதல்ல வட்டமா ஓட்டிட்டு, கடைசியில மரத்தோட ரேகை வாக்குல லேசா இழுத்து முடிங்க. பாரெனுக்கு (தாளோட முதுகுல தேய்க்கற வட்டத் தட்டு) ஒரு துளி கமேலியா எண்ணெய் தடவிட்டு, உடம்பு எடையே இறங்கற மாதிரி அழுத்தணும், மணிக்கட்டு பலம் பத்தாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஒருவேளை கென்டோவும் தப்பா இருந்தா பலகையே வீணா?

பதில் 1:
வீணாகாது. விலகற அளவுக்கு மெல்லிய மரச்சீவலை கென்டோவோட சுவர்ல ஒட்டலாம், இல்லைன்னா சுவரை அந்த அளவு சீவலாம். ஆனா ஊறின தாள்ல அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.