இங்கிலாந்தின் பழைய மேனர் வீடுகள்: எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் – அனுபவப் பகிர்வு

கென்ட்வாசி:

லண்டன் வரும் நம்மவர்கள் விண்ட்சர் கோட்டை, பிளெனம் அரண்மனை என்று பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரே இடத்தில் 600, 700 வருடங்கள் ஆட்கள் குடியிருந்து, இடித்து, ஒட்டுப்போட்டு, மேலே ஒரு மாடி ஏற்றி, மறுபடி குடியிருந்த வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மேனர் வீட்டுக்கு, அதாவது அந்தக் காலத்துக் கிராம நிலக்கிழார் குடியிருந்த வீட்டுக்குப் போக வேண்டும். பிளெனம் மாதிரி அரண்மனையை ஒரே திட்டமாகக் கட்டினார்கள். மேனர் வீடு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் தையல்கள் சுவரிலேயே தெரியும். அவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் போவதன் பலன்.

கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் பக்கம் ஐட்டம் மோட் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கிய வீடு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டடம், சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழி. டிக்கெட் காட்டியதும் எல்லோரும் நேரே பாலத்தைத் தாண்டி உள்ளே ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அகழிக்கு வெளிப்புறமாக வீட்டை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். கீழே ராக்ஸ்டோன் எனப்படும் கென்ட் சுண்ணாம்புக்கல், மேலே ஓக் மரச்சட்டம், நடுநடுவே செங்கல். ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு காலத்து முகம். இதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் எந்த அறை எந்தக் காலத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது பிடிபடும்.

உள்ளே தவறவிடக் கூடாதது சிற்றாலயத்தின் மர விதானம். வீடு 1521-இல் ரிச்சர்ட் கிளெமென்ட் என்ற அரசவைக்காரர் கைக்கு வந்தது. எட்டாம் ஹென்றிக்குத் தன் விசுவாசத்தைக் காட்ட வீடு முழுக்க அரச சின்னங்களை வைத்தார். விதானத்தில் ஹென்றியின் டியூடர் வம்சச் சின்னமான ரோஜா, கூடவே அரசி கேத்தரின் பிறந்த ஸ்பெயினைக் குறிக்கும் மாதுளை, கோட்டைச் சின்னம். சாயம் வெளுத்துவிட்டது, அறையும் இருட்டு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் பழுப்பு மரம் மட்டும்தான் தெரியும். உள்ளே போய் மூன்று நான்கு நிமிடம் அசையாமல் நின்று கண்ணைப் பழக்குங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மாதுளைகள் தென்படும்.

முற்றத்தில் மரத்தாலான பெரிய நாய்க்கூடு ஒன்று நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகச் செய்தது. நாட்டின் மிக உயர்ந்த முதல் தரக் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வீட்டை ஆரம்பித்துக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

மரத்தச்சன்:

கென்ட்வாசி சொன்ன தையல்கள் மரத்தில்தான் நன்றாகத் தெரியும், அதனால் மர வேலையைப் பற்றிச் சொல்கிறேன். செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் இதற்குப் பாடசாலை மாதிரி. 16-ஆம் நூற்றாண்டு முழுக்க, 1610 வரை பகுதி பகுதியாகக் கட்டிய மரச்சட்ட வீடு. வெளியிலிருந்து பார்த்தால் முழு வீடும் சாய்ந்து, வளைந்து, விழப்போவது போல நிற்கும். காரணம் இரண்டு.

ஒன்று, அந்தக் காலத் தச்சர்கள் ஓக்கைக் காயவைக்காமல் பச்சையாகவே அறுத்து இழைத்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. பச்சை மரம் கட்டடத்தில் ஏறிய பிறகு பல வருடம் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். மூட்டுகளில் இரும்பாணி கிடையாது. ஒரு சட்டத்தின் நாக்கை இன்னொன்றின் துளைக்குள் விட்டு, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். மரம் சுருங்கச் சுருங்க அந்த மூட்டு இன்னும் இறுகும். வளைந்தும் விழாமல் நிற்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டு, தெற்குப் பக்கத்தின் உச்சியில் பிற்பாடு ஏற்றிய நீள்கூடம். சுமார் 21 மீட்டர் நீளம், இரு பக்கமும் வரிசையாக ஜன்னல். அதன் மேல் ஓடு கிடையாது, கனமான மணற்கல் பலகைகள். அவ்வளவு பாரத்தைத் தாங்க அடியில் இருந்த சட்டங்களைத் திட்டமிட்டிருக்கவில்லை. அதனால் கீழ் மாடிகள் பிதுங்கின. நீள்கூடத்தில் நடக்கும்போது தரை ஏறி இறங்குவது காலுக்குத் தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் சுவரோரமாக மெதுவாகப் போங்கள். கூடத்தின் இரு கோடியிலும் சுண்ணாம்புப் பூச்சில் விதிச்சக்கரம், விதியின் ஈட்டி என்று இரண்டு சிற்பங்கள் இருக்கின்றன, மறக்காமல் பாருங்கள்.

முற்றத்தில் இரண்டு பெரிய ஜன்னல் மாடங்கள் ஒன்றையொன்று முட்டுவது போல நிற்கும். அவற்றின் மேல் பட்டியில் 1559 என்ற ஆண்டோடு, வீட்டுக்காரர் வில்லியம் மோர்ட்டன் பெயரும், கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தேன் என்று தச்சர் ரிச்சர்ட் டேல் பெயரும் செதுக்கியிருக்கிறது. அந்தக் காலத்துத் தச்சர் ஒருவரின் பெயர் அவர் செய்த வேலையிலேயே நிற்பது மிக அபூர்வம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் யாரையும் உள்ளே போகச் சொல்வேன்.

எந்த மேனர் வீட்டிலும் தேட வேண்டிய வேறு சில: மூட்டுகளின் பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண் போன்ற கோடுகள். சட்டங்களை முற்றத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, மேலே கொண்டுபோய் மறுபடி மாட்டுவார்கள். அதற்கான அடையாளம் அது. அடுப்பு, கதவு ஓரங்களில் காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூ தீய சக்தி வராமல் இருக்கக் கீறியதாகக் கருதப்படுகிறது. கண்ணீர்த்துளி வடிவக் கருகல், மெழுகுவத்தி அல்லது நாணல் திரியை மரத்தில் பிடித்ததால் வந்தது. மரத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் ‘டெத்வாட்ச்’ வண்டு, 1, 2 மில்லிமீட்டர் என்றால் சாதாரண மரப்புழு. டெத்வாட்ச் வண்டின் புழு ஈரம் ஏறிய ஓக்கினுள் பத்து வருடம் வரை இருந்து தின்னும். கூரை ஒழுகும் இடத்தில்தான் அது வரும்.

கென்ட்வாசி:

அதே வண்டும் ஈரமும் ஐட்டம் மோட்டையும் பிடித்திருந்தன. 1985-இல் அதன் கடைசி உரிமையாளர், அமெரிக்கர் சார்லஸ் ஹென்றி ராபின்சன், வீட்டைப் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். 1989-இல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு 2004 வரை நடந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. பகுதி பகுதியாகப் பிரித்து, எண் போட்டு, கெட்டதை மட்டும் வெட்டி எடுத்து, அதே இடத்தில் புது ஓக்கை ஒட்டினார்கள். வெளிறிய புதுத் துண்டும் கறுத்த பழைய துண்டும் சேரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். மறைக்காமல் விட்டிருப்பதுதான் நேர்மையான பழுதுபார்ப்பு.

ஊர்சுற்றி:

பயனுள்ள பதிவு. ஒரு கேள்வி. மேனர் வீட்டின் பெரிய பொதுக்கூடத்துக்குள் போனால் எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மரத்தச்சன்:

வாசல் வழியாக வந்ததும் கூடத்தின் ஒரு முனையில் மரத் தடுப்பு இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு நடை. அதுதான் கீழ்முனை. நடையின் மறுபக்கச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று கதவுகள்: ஒன்று பீர், ஒயின் வைக்கும் அறைக்கு, ஒன்று ரொட்டி அறைக்கு, இன்னொன்று சமையற்கட்டுக்கு. எதிர்முனையில் தரை ஒரு படி உயர்ந்திருந்தால் அதுதான் மேல்முனை; வீட்டுக்காரர் சாப்பிட்ட மேடை. அவர் படுக்கும் அறைக்குப் படிக்கட்டும் அந்தப் பக்கமே இருக்கும். பெரிய ஜன்னலும் அங்கேதான். ஆதியில் நெருப்பு கூடத்தின் நட்டநடுவில் எரிந்தது, புகை கூரை வழியாகப் போனது. கூரை மரம் கரேலென்று இருந்தால் அந்தக் காலத்துப் புகை.

டெர்பிஷயரின் ஹாடன் ஹாலில் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. அதன் உரிமையாளர்களான மேனர்ஸ் குடும்பம், 1703-இல் தங்கள் பிரபு பட்டம் ரட்லண்ட் டியூக் என்று உயர்ந்த காலத்திலேயே பீவர் கோட்டைக்கு மாறிவிட்டது. 1920-களில் ஒன்பதாம் டியூக் திரும்பி வந்து செப்பனிடும்வரை சுமார் 200 வருடம் யாரும் அதை நவீனமாக்கவில்லை. அதனால்தான் பழைய சமையற்கட்டு, தேய்ந்த கல்தொட்டி, இறைச்சி வெட்டும் கட்டை எல்லாம் நிலைத்தன. அங்கே அந்த வீட்டுப் பெண் டாரதி வெர்னன் காதலனோடு ஓடிப்போன படிகள் என்று காட்டுவார்கள். அந்தக் கதை 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது, ரசித்துவிட்டு நகருங்கள். நீள்கூடத்து ஜன்னலின் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்றால் சுவர் முழுக்க மினுங்கும்.

தோட்டக்காரி:

உள்ளே எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், வெளியே நான் சொல்கிறேன்.

பூங்காவில் நிற்கும் மரங்களின் அடிக்கிளைகள் அளந்து வெட்டியது போல ஒரே மட்டத்தில் இருக்கும். மான், மாடு எட்டும் உயரம்வரை தின்பதால் வரும் கோடு அது. புல்வெளி அலை அலையாக மேடும் பள்ளமுமாக இருந்தால் அது இடைக்காலத்து உழவுச் சால். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் தெரியும், நண்பகலில் தெரியாது. வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே இல்லாத புல்வெளி, கிட்டே போனால் திடீரென்று பள்ளமும் தடுப்புச் சுவரும் இருக்கும். ‘ஹா-ஹா’ என்பார்கள். மாடு வீட்டுப் பக்கம் வராமல் தடுக்க, காட்சியை மறைக்காமல் கட்டியது. குழந்தைகளை அந்தப் பக்கம் ஓட விடாதீர்கள்.

சுவர் சூழ்ந்த காய்கறித் தோட்டம் இருந்தால் தெற்கு பார்த்த சுவரிடம் போய்க் கையை வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டை செங்கல் இரவில் விடும். பீச், அப்ரிகாட்டை அதில் விசிறி போல விரித்துக் கட்டியிருப்பார்கள். சில இடங்களில் சுவருக்குள்ளேயே புகைக்குழாய் ஓடவிட்டு அடுப்பால் சூடாக்கினார்கள்.

லிட்டில் மோர்ட்டனில் 17-ஆம் நூற்றாண்டு வடிவத்தில், தாழ்ந்த செடிவேலிகளைக் கோலம் போல அமைத்த முடிச்சுத் தோட்டம் இருக்கிறது. அதை மேலேயிருந்து பார்க்கும்போதுதான் வடிவம் புரியும். இந்த மாதிரித் தோட்டங்களில் பாக்ஸ் செடிவேலி இடையிடையே மொட்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சை நோய் அல்லது புழுத் தாக்குதல், பராமரிப்புக் குறை அல்ல. இன்னொன்று, யூ மரத்தின் இலையும் விதையும் கடும் விஷம். சிவப்புப் பழத்தைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்ட்டில் பல இடங்களில் களிமண், மழைக்கு மறுநாள் செருப்பு ஒட்டிக்கொள்ளும். கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள். மான் உலவும் பூங்காக்களில், செவனோக்ஸின் நோல் மாதிரி, உயரமான புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். முழுக்கால் பேன்ட், வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி ஓரம் பார்ப்பது கட்டாயம்.

கென்ட்வாசி:

கடைசியாகச் செலவும் நேரமும். டிக்கெட் வாங்கும்போது ‘கிஃப்ட் எய்ட்’ விலை, சாதாரண விலை என்று இரண்டு சொல்வார்கள். கிஃப்ட் எய்ட் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவருக்கானது, சற்று அதிகம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சாதாரண விலையைக் கேளுங்கள். ஐட்டம் மோட்டும் லிட்டில் மோர்ட்டனும் நேஷனல் டிரஸ்ட். அந்த உறுப்பினர் அட்டை இரண்டுக்கும் செல்லும். ஹாடன் தனியார் வீடு, அங்கே தனி டிக்கெட். செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓபன் டேஸ் நடக்கும் நாட்களில் பல இடங்கள் இலவசம்.

பெரும்பாலும் தோட்டம் முதலில் திறக்கும், வீடு பிறகுதான். வீட்டின் கடைசி அனுமதி தோட்டம் மூடுவதற்கு நன்றாக முன்பே முடிந்துவிடும், குளிர்காலத்தில் சில வீடுகள் மூடியே இருக்கும். அதனால் முந்தின நாள் நேரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஐட்டம் மோட்டுக்கு ரயிலில் போரோ கிரீன் அண்ட் ரூட்டம் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சுமார் ஐந்தரை கிலோமீட்டர். வழிச்சாலை குறுகல், நடைபாதை இல்லை. திரும்ப வரவும் சேர்த்து டாக்சி பேசிக்கொள்ளுங்கள்.

முதுகுப்பையை முன்னால் மாட்டச் சொல்வார்கள், அல்லது வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊசிக் குதிகால் செருப்பு மரத்தரையில் பள்ளம் போடும், அனுமதிக்க மாட்டார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. துணி, சுவர்த்தாள் உள்ள அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்திருப்பார்கள், சாயம் வெளுப்பது திரும்பாத சேதம் என்பதால். நாற்காலியில் பைன் காயோ முள்பூவோ வைத்திருந்தால் உட்காராதே என்று அர்த்தம். ஒவ்வொரு அறையிலும் நிற்கும் தன்னார்வலரிடம் ‘இந்த அறையில் மிகப் பழைய துண்டு எது’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள் போல, சுவரருகே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.