சர்ச்சில் மாதிரி கடல் வரையும்போது நுரை ஏன் சாம்பலாகிறது?

நுரைவெள்ளை கேட்டது:
பிரிட்டிஷ் அரசியல்வாதி சர்ச்சில் 1938 வாக்கில் வரைந்த, இங்கிலாந்தின் வால்மர் கடற்கரை ஓவியத்தைப் பார்த்து, 16×20 அங்குல கேன்வாஸில் ஆயில் பெயிண்ட் கொண்டு பயிற்சி நடக்கிறது. முன்னால் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கி, அப்பால் குளிப்பவர்கள், அலைகள். நீலம் பூசும் வரை சரியாக இருக்கிறது. நுரையை வைத்ததும் வெள்ளை அழுக்குச் சாம்பலாகிவிடுகிறது. அவர் நிறங்கள் மட்டும் எப்படிப் பளிச்சென்று நிற்கின்றன? ஓவியப் பள்ளிக்கே போகாதவர் இதை யாரிடம் கற்றார்?

பாலெட்கத்தி:
ஈர நீலத்தின் மேல் வெள்ளையைத் தேய்க்கிறீர்கள், அதுதான் காரணம். பிரஷ் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அடியிலிருக்கும் நீலத்தை அள்ளிவரும். கடலை மெல்லிய பூச்சாக முடித்து ஐந்தாறு நாள் விடுங்கள். விரல் வைத்தால் ஒட்டக்கூடாது. பிறகு டைட்டானியம் வெள்ளையில் மிளகளவு மஞ்சள் ஓக்கர் சேர்த்து, டர்பண்டைன் (பெயிண்டை இளக்கும் திரவம்) கலக்காமல், பாலெட் கத்தியால் ஒரே இழுப்பில் வையுங்கள். இரண்டாம் முறை தொடாதீர்கள்.

நுரை முழுவதையும் வெள்ளையாக்குவதும் தவறு. வெயில் படும் விளிம்பு மட்டும்தான் வெள்ளை. நிழல் பக்கம் ஊதா கலந்த சாம்பல். அந்தச் சாம்பல் பக்கத்தில் இருந்தால்தான் வெள்ளை எடுப்பாகத் தெரியும். உடையப்போகும் அலையின் உச்சி மெலிந்து ஒளியைக் கடத்துவதால் அங்கே விரிடியன் பச்சை வேண்டும். தொடுவானம் நெருங்க நெருங்க நீலத்தை வெளிறவிடுங்கள். தொடுவானக் கோடு மட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நூலிழை சாய்ந்தாலும் கடல் வழிந்து ஓடுவதுபோல் இருக்கும்.

பழையசட்டம்:
ஆசிரியர்கள் இருந்தார்கள், அதுவும் பெரிய கைகள். 1915 மே மாதம், முதல் உலகப்போரில் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் நேர்ந்த தோல்வியால் சர்ச்சிலின் கடற்படை அமைச்சர் பதவி போனது. அந்தக் கோடையில் சர்ரேயில் உள்ள ஹோ பண்ணையில், நாற்பது வயதில், முதன்முதலாக பிரஷ் பிடித்தார். பெரிய வெள்ளைக் கேன்வாஸில் மொச்சை அளவு நீலம் வைத்ததோடு பயத்தில் கை நின்றுவிட்டது. ஓவியர் ஜான் லேவரியின் மனைவி ஹேசல் வந்து, பெரிய பிரஷை வாங்கி டர்பண்டைனில் தோய்த்து, நீலத்தையும் வெள்ளையையும் வீசி இழுத்துக் காட்டினார். அதோடு தயக்கம் விட்டது.

உங்கள் சிக்கலுக்கு நேரான பாடம் 1927இல் ஓவியர் வால்டர் சிக்கர்ட் அவருக்குத் தந்தது. நிறத்துக்கு முன் வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் அடிப்பூச்சாகப் போட்டுக் காயவிடுவது அது. இன்று செய்ய, கோபால்ட் நீலம், இந்தியச் சிவப்பு, வெள்ளை மூன்றும் போதும். அலையின் வடிவம் அங்கேயே முடிந்துவிடும். மேலே வரும் நிறத்தை ஒரு தடவை வைத்தால் போதும். குறைவாகக் குழைத்தால் நிறம் கலங்காது. சர்ச்சில் ஐந்நூறுக்கு மேல் வரைந்ததில் எனக்கு மிகவும் பிடிப்பது இந்த ஒழுங்குதான், நிறத்தின் வேகம் அதன் மேல்தான் நிற்கிறது.

தண்ணீர் வண்ணத்தைவிட ஆயிலே நல்லது என்று அவர் சொன்னதும் இதனால்தான்: பிழையாகிப்போன பகுதியைக் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நுரைவெள்ளை:
அடிப்பூச்சில் ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாமா?

பாலெட்கத்தி:
கூடாது, டர்பண்டைன் மட்டும். அடுத்த பூச்சுக்கு இரண்டு பங்கு டர்பண்டைன், ஒரு பங்கு எண்ணெய். கடைசிக்குச் சரிபாதி. அடியில் எண்ணெய் மிகுந்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடி பிறகு அசைந்து வெடிப்பு விடும். துத்தநாக வெள்ளையை அடிப்பூச்சில் தவிர்த்துவிடுங்கள், காய்ந்தபின் நொறுங்கும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.