‘மறுவரவு அச்சம்’: ‘மீள்’ என்ற அடி ஏன் பொருந்தாது

நண்பர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களிடம், நோய் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தை அளக்கும் வினாப்பட்டியல்களைத் தமிழில் தரும்போது அந்தப் பயத்தை எப்படிப் பெயரிடுவது என்ற கேள்விக்கு, ‘மீட்சி அச்சம்’, ‘மீள்நிகழ்வு அச்சம்’ என்ற இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நோயிலிருந்து பிழைத்தவரை ‘மீண்டவர்’ என்கிறோம். அதே அடியை நோய்க்கும் கொடுத்தால், ‘மீட்சி’ என்று படிக்கும் பெண் தான் குணமடைவதைத்தான் நினைப்பார்.

‘நிகழ்வு’ புள்ளியியலுக்குப் பொருந்தும். ஆனால் நம் பேச்சில் நோய் நிகழ்வதில்லை, வருகிறது. என் பெரியம்மா ஆண்டுப் பரிசோதனை நெருங்கும் நாட்களில் குளித்து முடித்த பிறகும் வெளியே வராமல் அக்குளை விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்பார். தோள் வலித்தால், “அது திரும்ப வந்துடுச்சோ” என்பார். நோயின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாயில் இருந்த வினை ‘வா’. ஆகவே ‘நோய் மறுவரவு அச்சம்’ என்பதே என் பரிந்துரை. ‘மறுவருகை’ என்றால் மருத்துவரை மறுபடி பார்க்கச் செல்வதோடு குழம்பும்.

‘பீதி’, ‘அச்சநோய்’ போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட, அதாவது அந்தப் பெண் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், மார்பகப் புற்றுநோய் 5 ஆண்டுகள் கடந்தும், சிலருக்கு 15, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் இந்தப் பயத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. அதன் அளவு மிகுந்து அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதுதான் உதவி தேவைப்படுகிறது. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிமார், சவார் இருவரும் 2009இல் வெளியிட்ட 42 வினாக்கள் கொண்ட அளவுகோல், பயத்தின் கடுமையையும் அது அன்றாடச் செயல்களைப் பாதிப்பதையும் தனித்தனியாக அளப்பது இதனால்தான். அதில் பயத்தைக் கிளப்பும் சூழல்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அதற்குத் ‘தூண்டுகோல்’ என்று எழுதிவிடக் கூடாது. அது ஊக்கம் தருவதற்கான சொல். ‘தூண்டிகள்’ போதும்.

இன்னும் கவனம் தேவைப்படும் இடம், மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கென்றே ஆய்வாளர் விக்பெர்க் 2003இல் வெளியிட்ட 30 வினா அளவுகோல். அதில் உடல்நலம், சாவு, குடும்பப் பொறுப்புகள் பற்றிய கவலைகளுடன், பெண் என்ற உணர்வைப் பற்றிய கவலைகளும் ஒரு பிரிவாக உள்ளன. இதைப் ‘பெண்மைக் கவலைகள்’ என்று மொழிபெயர்த்தால், நாணம், அடக்கம் முதலிய குணங்களைப் பற்றிக் கேட்பதாகத் தோன்றும். கேட்கப்படுவதோ உடல்தோற்றமும் தாம்பத்தியமும் தன்னைப் பெண்ணாக உணர்வதும். நீளமானாலும் ‘பெண் என்ற தன்னுணர்வு பற்றிய கவலைகள்’ என்றே எழுதலாம்.

ஜெர்மனியில் உருவான மற்றொரு அளவுகோல் நோய் வளர்வதைப் பற்றிய பயத்தை அளக்கிறது. அங்கே ‘நோய் முன்னேற்றம்’ என்று எழுதினால் நல்ல செய்தியாகிவிடும். ‘நோய் முற்றிவிட்டது’ என்று நாம் சொல்வதையொட்டி ‘முற்றல் அச்சம்’ எனலாம்.

இச்சொற்கள் கட்டுரைக்கும் தலைப்புக்கும் உரியவை. பெண்கள் படித்துக் குறியிடும் வினாக்களில் ‘அச்சம்’கூட வேண்டாம், “நோய் திரும்ப வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது” என்ற முழு வாக்கியமே இருக்கட்டும்.