தியெஸ்தேயின் செங்கல் கூரை: யோசனை யாருடையது?

செங்கல்சூளை:
நேற்று வேறொரு இழையில் ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "உருகுவேயில் பார்க்கத் தகுந்ததெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டியது. தியெஸ்தேயின் செங்கல் வளைவுகூட போனெத் போட்ட பிச்சை." பிச்சையாமே! 1946-47இல் உருகுவேயின் புந்தா பாயேனாவில் பெர்லிஞ்சியேரி வீட்டுக்கு, பார்சலோனாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் அந்தோனி போனெத் கேட்டது மெல்லிய கான்கிரீட் கூரை. செங்கல்லிலேயே செய்யலாம் என்றவர் உருகுவே எஞ்சினியர் எலாடியோ தியெஸ்தே. பிச்சை போட்டது யார்?

நீலக்கோடு:
அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மெல்லிய ஓடுகளை ஒட்டி வளைவு கட்டுவது பார்சலோனா இருக்கும் கத்தலோனியாவின் பழைய கைவேலை. போனெத் அந்த மண்ணில் பிறந்தவர், பாரிஸில் பெரிய கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர். கூரையை வளைத்து வரைந்ததும் அவர்தான். அவர் வரையாவிட்டால் உங்கள் எஞ்சினியர் எதற்குக் கணக்குப் போட்டிருப்பார்?

செங்கல்சூளை:
"உங்கள் எஞ்சினியர்". சரி, நக்கல் புரிகிறது. கத்தலான் வளைவில் கம்பி கிடையாது. தியெஸ்தே செங்கற்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் இரும்புக் கம்பி ஓட்டிக் கலவையால் மூடினார். அப்புறம் கூரையை இரண்டு திசையிலும் வளைத்து, தூணே இல்லாமல் 50 மீட்டர் வரை தாண்டவைத்தார். இது எந்தக் கத்தலோனியாவில் இருந்தது? போனெத் கேட்டது கான்கிரீட். திரும்பவும் சொல்கிறேன், கான்கிரீட்.

பழையவரைபடம்:
முதலில் யாரைக் குடியேறி என்கிறோம்? போனெத் ஸ்பெயினை விட்டுப் போய்க் குடியேறியது அர்ஜென்டினாவில். பிரெஞ்சுக்காரர் கர்ரே உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோவில் கட்டடக் கலைப் பாடம் நடத்தினார், அவரிடம் படித்தவர் உருகுவே கட்டடக் கலைஞர் விலமாஹோ. இந்த இருவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

நீலக்கோடு:
கணக்கு கிடக்கட்டும். மொண்டேவீடியோவின் பலாசியோ சால்வோ கோபுரக் கட்டடம், 1928: வரைந்தவர் மிலான்காரர் பலாந்தி. அங்குள்ள சட்டமன்ற மாளிகை, 1925: முதலில் மேயானோ, பிறகு மொரெத்தி, இருவரும் இத்தாலியர்கள். இதற்கும் கம்பிக் கதை சொல்வீர்களா?

தெற்குக்காற்று:
போன வருடம் சால்வோவைத் தூக்கிக்கொண்டுபோய் பியூனோஸ் ஐரிஸில் வைத்தவர் இன்று சால்வோ பாடம் எடுக்கிறார். அங்கே இருப்பது பலாசியோ பரோலோ ஐயா, பலாந்தி முன்னாலேயே கட்டியது.

நீலக்கோடு:
ஒரு கைத்தவறை ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தீர்களா? நீங்கள் கட்டடக் கலைஞர் வினோலியை அர்ஜென்டினாக்காரர் என்றதை நான் கிளறினேனா?

தெற்குக்காற்று:
வளர்ந்தது, படித்தது எல்லாம் பியூனோஸ் ஐரிஸில்தானே?

நீலக்கோடு:
பிறந்தது மொண்டேவீடியோ. மொண்டேவீடியோவின் கர்ராஸ்கோ விமான நிலைய முனையத்தை வரைந்தவரையே விட்டுக்கொடுக்கிறீர்கள், இதில் நாட்டுப்பற்று வேறு.

செங்கல்சூளை:
இழை வினோலியைப் பற்றியதல்ல. உருகுவேயில் தியெஸ்தே கட்டிய அத்லாந்திதா தேவாலயத்துக்கு வாருங்கள். 1960இல் முடிந்தது. பக்கச் சுவர்கள் கீழே நேர்கோட்டில் தொடங்கி மேலே போகப்போக அலையாக நெளிகின்றன. முழுக்கச் செங்கல். 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. அங்கே போனெத் எங்கே? பலாந்தி எங்கே? மொரெத்தி எங்கே? பதில் வராது, தெரியும்.

நீலக்கோடு:
அங்கே கட்டடக் கலைஞரே இல்லை. தியெஸ்தே வாங்கியது எஞ்சினியர் பட்டம். கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது அவரை நடுவில் நிறுத்தியது நீங்கள்தான்.

செங்கல்சூளை:
நேற்று அவர் பெயரை முதலில் இழுத்தது யார்? "பிச்சை" என்றது யார்?

நீலக்கோடு:
பெர்லிஞ்சியேரி கூரையை வளைத்தது யார்?

செங்கல்சூளை:
கான்கிரீட்டில்!

பழையவரைபடம்:
கர்ரே பற்றிக் கேட்டேன்.

தெற்குக்காற்று:
வினோலி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.